லாக்-மெகான்டிக் தொடருந்து விபத்து

லாக்-மெகான்டிக் தொடருந்து விபத்து என்பது கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள லாக்-மெகான்டிக் என்னும் சிறு நகரில் 2013 ஆம் ஆண்டு சூலை 6 ஆம் நாள் அதிகாலை ஏறத்தாழ 1:15 மணிக்கு இடம்பெற்ற விபத்து ஆகும். கச்சா எண்ணெய் நிரப்பிய 72 டேங்கர் பெட்டிகளைக் கொண்ட சரக்குத் தொடருந்து ஒன்று, ஆளில்லாத நிலையில் சரிவான பாதையில் தானாக உருண்டு வந்து, நகரின் மையத்தில் தடம்புரண்டு தீப்பற்றியது. இதில் 47 பேர் இறந்தனர். 1867 இல் கனடாக் கூட்டமைப்பு உருவான பின்னர் அந்நாட்டில் நிகழ்ந்த தொடருந்து விபத்துகளில் மிகுந்த உயிரிழப்பை ஏற்படுத்தியது இதுவே. இறந்தவர்களில் ஒருவர் கூட அத்தொடருந்தில் பயணம் செய்தவர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆபத்தான பொருட்களை இருப்புப்பாதை வழியே கொண்டுசெல்வது பற்றிய வட அமெரிக்க விதிமுறைகள் பலவும் இவ்விபத்திற்குப் பின்னரே இன்றைய வடிவத்தைப் பெற்றன. டேங்கர் பெட்டிகளின் உருக்குத் தகட்டின் தடிமன், நிறுத்திவைக்கப்படும் தொடருந்தில் இடவேண்டிய கைப் பிரேக்குகளின் எண்ணிக்கை, நிறுவனங்கள் வைத்திருக்கவேண்டிய காப்பீட்டுத் தொகை ஆகியன அவற்றுட் சில.

நகரும் இருப்புப்பாதையும்

லாக்-மெகான்டிக், கியூபெக்கின் எசுட்ரி வட்டாரத்தில், மெகான்டிக் ஏரியில் இருந்து ஷோடியேர் ஆறு புறப்படும் இடத்தில் அமைந்துள்ளது. அமெரிக்காவின் மேய்ன் மாநில எல்லை இங்கிருந்து அதிக தொலைவில் இல்லை. விபத்து நிகழ்ந்த காலத்தில் ஏறத்தாழ 6,000 பேர் இங்கு வாழ்ந்தனர். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே இருப்புப்பாதை அமைக்கப்பட்டபோது உருவான ஊர் இது. பாதையைச் சுற்றியே கடைவீதி வளர்ந்தமையால், பிரதான பாதை நகர மையத்தின் ஊடாகவே சென்றது. பாதை ஊருக்குள் நுழையவில்லை, ஊர்தான் பாதையின் அருகில் வந்து குடியேறியது எனலாம்.

விபத்துக் காலத்தில் இப்பாதையை இயக்கியது மொன்றியால், மேய்ன் அண்ட் அட்லாண்டிக் இரயில்வே என்னும் நிறுவனம். சுருக்கமாக எம்.எம்.ஏ. எனப்பட்ட இந்நிறுவனம், நொடித்துப்போன பழைய நிறுவனமொன்றின் பாதைகளை வாங்கி 2003 இல் தொடங்கப்பட்டது. குறைந்த வருவாயில் நீண்ட பாதையைப் பேணவேண்டியிருந்த இத்தகைய சிறு நிறுவனங்கள் செலவைக் குறைக்கும் வழிகளை எப்போதும் தேடிக்கொண்டிருப்பது இயல்பு. ஒரேயொரு பணியாளரைக் கொண்டு தொடருந்தை இயக்கும் முறையை எம்.எம்.ஏ. கியூபெக்கில் 2012 இல் நடைமுறைப்படுத்தியது.

எண்ணெய் தொடருந்தில் ஏறியது ஏன்?

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள பாக்கன் பாறைப் படிவத்தில் இருந்து எண்ணெய் எடுக்கும் தொழில் 2000களின் இறுதியில் திடீரென வளர்ந்தது. எண்ணெய்க் கிணறுகள் பெருகிய வேகத்திற்குக் குழாய்வழிகள் அமைக்கப்படவில்லை. ஆனால் இருப்புப்பாதைகள் ஏற்கெனவே இருந்தன. எனவே எண்ணெய் தொடருந்தில் ஏறியது. கனடாவில் 2009 இல் ஏறத்தாழ 500 பெட்டிகளாக இருந்த கச்சா எண்ணெய்ப் போக்குவரத்து 2013 இல் 1,60,000 பெட்டிகளாக உயர்ந்தது. அமெரிக்காவில் இதே காலத்தில் 10,800 இல் இருந்து ஏறத்தாழ 4,00,000 ஆகியது.

இங்கு இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, பாக்கன் எண்ணெய் பலரும் கச்சா எண்ணெய் என்றதும் எண்ணிக்கொள்ளும் தார் போன்ற கெட்டியான பொருள் அன்று. அது இலேசானது, எளிதில் ஆவியாகக் கூடியது, தண்ணீர்போல் விரைந்து ஓடக்கூடியது. இரண்டாவது, ஆபத்தான பொருட்களைத் தீப்பற்றும் தன்மையைக் கொண்டு மூன்று பொதிக் குழுக்களாகப் பிரிக்கும் முறையில், இவ்வெண்ணெய் ஆபத்துக் குறைந்த மூன்றாம் குழுவாக ஆவணங்களில் குறிக்கப்பட்டிருந்தது. விபத்திற்குப் பின்னர் மாதிரிகளைச் சோதித்தபோது அது இரண்டாம் குழுவைச் சேர்ந்தது எனத் தெரியவந்தது. அதாவது பெட்டிக்குள் உண்மையில் எவ்வளவு ஆபத்தான பொருள் இருந்தது என்பதை அத்தொடருந்தின் தாள்கள் சரியாகச் சொல்லவில்லை.

தொடருந்தின் பயணம்

எண்ணெய் வடக்கு டகோட்டாவின் நியூ டவுன் என்ற இடத்தில் ஏற்றப்பட்டு, நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் செயின்ட் ஜான் நகரில் உள்ள இர்விங் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குச் சென்றுகொண்டிருந்தது. மொன்றியால் வரை கனடிய பசிபிக் இரயில்வேயும், அதற்கப்பால் எம்.எம்.ஏ. நிறுவனமும் அதை இழுத்தன. சூலை 5 ஆம் நாள் பிற்பகல் ஃபார்னம் என்னும் இடத்தில் இருந்து எம்.எம்.ஏ. தொடருந்து புறப்பட்டது. முன்பகுதியில் 5 டீசல் இன்ஜின்கள், அவற்றுடன் தொலைக்கட்டுப்பாட்டுக் கருவிகள் கொண்ட ஒரு பெட்டி, இடைவெளிக்காக இணைக்கப்பட்ட ஒரு மூடிய சரக்குப் பெட்டி, பின்னர் 72 டேங்கர்கள் என்ற வரிசையில் அமைந்த அத்தொடருந்தின் நீளம் ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர். எடை 9,000 டன்னுக்கும் அதிகம். எண்ணெயின் அளவு ஏறத்தாழ 77 இலட்சம் லிட்டர். இவ்வளவையும் இயக்கியவர் ஒரே ஓட்டுநர்.

முதல் இன்ஜினாகிய 5017 ஆம் எண் இன்ஜின் சரியாக இயங்கவில்லை. அதன் வேகம் ஏறி இறங்கியது. புகை மிகுதியாக வெளிவந்தது. இரவு ஏறத்தாழ 10:50 மணிக்கு, லாக்-மெகான்டிக்கிற்கு மேற்கே 11 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் உள்ள நான்ட் என்ற சிற்றூரை அடைந்ததும், ஓட்டுநர் வழக்கம்போல் தொடருந்தைப் பிரதான பாதையிலேயே நிறுத்தினார். அடுத்த பணியாளர் காலையில் வந்து அதை ஓட்டிச்செல்வார் என்பது ஏற்பாடு. அங்கே ஒரு பக்கப் பாதையும் இருந்தது. உருண்டுவரும் பெட்டியைப் பிரதான பாதைக்கு வரவிடாமல் தடம்புரளச் செய்யும் தடுப்புக் கருவி அதில் பொருத்தப்பட்டிருந்தது. ஆயினும் அப்பக்கப் பாதையில் வெற்றுச் சரக்குப் பெட்டிகள் நிறுத்திவைக்கப்பட்டிருந்தன.

நான்ட்டில் இருந்து லாக்-மெகான்டிக் வரை பாதை தொடர்ச்சியாகக் கீழ்நோக்கிச் செல்கின்றது. சரிவு 1.2 விழுக்காடு. நடந்துசெல்பவர் ஒருவருக்கு இது சரிவாகவே தோன்றாது. ஆனால் உருக்குச் சக்கரம் உருக்குத் தண்டவாளத்தின்மீது உருளும்போது உராய்வு மிகக் குறைவு என்பதால், இருப்புப்பாதைக் கணக்கில் இது செங்குத்தான சரிவு ஆகும்.

பிரேக்குகள் இயங்கும் முறை

விபத்தின் காரணத்தைப் புரிந்துகொள்ள, சரக்குத் தொடருந்தில் மூன்று வகைப் பிரேக்குகள் உள்ளன என்பதையும் அவை வெவ்வேறு விதமாகத் தோல்வியடைகின்றன என்பதையும் அறிதல் வேண்டும்.

முதலாவது, தொடருந்து முழுவதற்குமான தானியங்கிக் காற்றுப் பிரேக். தொடருந்தின் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரு காற்றுக் குழாய் செல்கின்றது. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் பிடிக்காது. அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள வால்வு அதை உணர்ந்து, அப்பெட்டியிலேயே சேமித்துவைத்துள்ள காற்றைக் கொண்டு பிரேக்கை அழுத்தும். பெட்டிகள் அறுந்துபோனால் குழாயும் அறுந்து, தொடருந்து தானாகவே நின்றுவிடும். ஜார்ஜ் வெசுட்டிங்ஹவுசு 19 ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய இந்த ஏற்பாடு, பழுதுபட்டால் பாதுகாப்பான நிலைக்குச் செல்லும் அமைப்புக்குப் பாடநூல்கள் காட்டும் எடுத்துக்காட்டு. ஆனால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. வால்வுகள் அழுத்தம் விரைவாகக் குறைவதையே உணரும். மிக மெதுவாகக் காற்றுக் கசிந்தால், குழாய் முழுவதும் வெறுமையானாலும் வால்வுகள் செயல்படாமல் இருந்துவிடக்கூடும்.

இரண்டாவது, இன்ஜின்களுக்கு மட்டும் உரிய தனிப் பிரேக். இது நேர்மாறானது. காற்று உள்ளே சென்றால் பிரேக் பிடிக்கும், காற்றுக் கசிந்தால் விட்டுவிடும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் வரை கம்ப்ரசர் காற்றை நிரப்பிக்கொண்டே இருக்கும் என்பதால் கசிவு வெளித்தெரியாது.

மூன்றாவது, கைப் பிரேக். பெட்டியின் முனையில் உள்ள சக்கரத்தைக் கையால் சுழற்றினால் சங்கிலி இழுபட்டு, பிரேக் கட்டைகள் சக்கரங்களின்மீது அழுந்தும். காற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தொடருந்தை ஆளின்றி நிறுத்திச்செல்லும்போது நம்பத்தக்கது இது ஒன்றே. ஆனால் ஒவ்வொரு பெட்டியாக ஏறி இறங்கிச் சுழற்றவேண்டும். இருட்டில், தனியொருவராக, கிலோமீட்டர் நீளமான தொடருந்தில் இதைச் செய்வது எளிதன்று.

அன்றிரவு ஓட்டுநர் 5 இன்ஜின்களிலும் முன்பகுதியின் 2 பெட்டிகளிலுமாக 7 கைப் பிரேக்குகளை இட்டார். நிறுவனத்தின் சொந்த விதிப்படியே குறைந்தது 9 தேவைப்பட்டது. விபத்திற்குப் பின்னர் செய்யப்பட்ட கணக்கீடுகளின்படி அத்தொடருந்தை அந்தச் சரிவில் நிறுத்திவைக்க குறைந்தது 17, சூழ்நிலையைப் பொறுத்து 26 வரையான கைப் பிரேக்குகள் தேவைப்பட்டிருக்கும். 72 டேங்கர்களில் ஒன்றிலும் கைப் பிரேக் இடப்படவில்லை.

கைப் பிரேக்குகள் போதுமா என்பதை அறிய ஒரு சோதனை விதிகளில் இருந்தது. மற்றப் பிரேக்குகளை விடுவித்துவிட்டு, இன்ஜினைக் கொண்டு தொடருந்தைச் சற்றுத் தள்ளி இழுத்துப் பார்க்கவேண்டும். அது அசையாவிட்டால் கைப் பிரேக்குகள் போதுமானவை. அன்று இன்ஜின்களின் தனிப் பிரேக் இடப்பட்ட நிலையிலேயே இச்சோதனை செய்யப்பட்டது. தொடருந்து அசையவில்லை. சோதனை எதைச் சோதிக்கவேண்டுமோ அதைச் சோதிக்கவில்லை. பெட்டிகளின் தானியங்கிப் பிரேக்கும் இடப்படவில்லை. அதை இட்டிருந்தால், பின்னர் தனிப் பிரேக் விட்டுப்போனபோதும் தொடருந்து நின்றிருக்கக்கூடும் என விசாரணை அறிக்கை கூறியது. ஆனால் அவ்வாறு இடவேண்டாம் என்பதே நிறுவனத்தின் அறிவுறுத்தலாக இருந்தது.

இவ்வாறாக, 9,000 டன் எடை ஓடிக்கொண்டிருந்த ஒரேயொரு இன்ஜினின் கம்ப்ரசரை நம்பிச் சரிவின் உச்சியில் நின்றது. மற்ற 4 இன்ஜின்களும் நிறுத்தப்பட்டிருந்தன. ஓடிக்கொண்டிருந்ததோ, பகல் முழுவதும் தொல்லை கொடுத்த 5017.

இன்ஜினில் தீ

ஓட்டுநர் வாடகை ஊர்தியில் லாக்-மெகான்டிக்கில் உள்ள விடுதிக்குச் சென்றபின், இரவு 11:40 மணியளவில் இன்ஜினின் புகைபோக்கியில் தீ எரிவதைக் கண்ட ஒருவர் அவசர உதவி எண்ணுக்குத் தகவல் தந்தார். நான்ட் தீயணைப்புப் படையினர் வந்து, தீயை அணைப்பதற்காக இன்ஜினின் எரிபொருளை நிறுத்தினர். மின்சுற்று விசைகளையும் அணைத்தனர். அவர்களுக்குத் தரப்பட்டிருந்த நடைமுறைகளின்படி இது சரியான செயலே. நிறுவனத்தின் சார்பில் அங்கு வந்தவர் தண்டவாளப் பராமரிப்புப் பணியாளர். இன்ஜின் இயக்கத்தில் பயிற்சி இல்லாதவர். ஃபார்னத்தில் இருந்த போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருடன் பேசியபின் அனைவரும் அங்கிருந்து சென்றனர். வேறொரு இன்ஜினை ஓடவிடவேண்டும் என்பது அங்கிருந்த எவருக்கும் தோன்றவில்லை.

தீயின் காரணம் எட்டு மாதங்களுக்கு முந்தையது. 2012 அக்டோபரில் அந்த இன்ஜின் பழுதானபோது, முறையான உதிரிப்பாகத்தைக் கொண்டு செப்பனிடாமல், எப்பாக்சி போன்ற ஒட்டுப்பொருளைக் கொண்டு செப்பனிட்டிருந்தனர். முறையான பழுதுபார்ப்புக்கு ஆகும் செலவும் காலமும் அவ்வாறு செய்யத் தூண்டின. தேவையான வலிமை இல்லாத அப்பொருள் நாளடைவில் உடைந்தது. மசகு எண்ணெய் கசிந்து டர்போசார்ஜரில் தேங்கி, இறுதியில் தீப்பற்றியது.

இன்ஜின் நின்றதும் கம்ப்ரசரும் நின்றது. காற்று மெதுவாகக் கசியத் தொடங்கியது. தனிப் பிரேக்கின் பிடி தளர்ந்தது. கசிவு மெதுவானதாக இருந்தமையால் பெட்டிகளின் தானியங்கிப் பிரேக் வால்வுகளும் அதை உணரவில்லை. மின்சாரம் துண்டிக்கப்பட்டால் பிரேக்கை இடக்கூடிய பாதுகாப்புக் கருவி ஒன்று இன்ஜினில் இருந்தது. ஆனால் இந்த இன்ஜினில் அது அவ்வாறு செயல்படும்படி இணைக்கப்பட்டிருக்கவில்லை. அதிகாலை 1 மணிக்குச் சற்று முன்னர், 7 கைப் பிரேக்குகளின் பிடியை மீறித் தொடருந்து உருளத் தொடங்கியது.

தடம்புரள்வு

விளக்கோ ஒலியோ இன்றி 11 கிலோமீட்டர் தொலைவையும் அது ஏறத்தாழ கால்மணி நேரத்தில் கடந்தது. நகர மையத்தில் உள்ள வளைவை அடைந்தபோது அதன் வேகம் மணிக்கு 105 கிலோமீட்டர். அவ்விடத்தில் தொடருந்துகள் வழக்கமாகச் செல்லும் வேகத்தை விட இது மூன்று மடங்கிற்கும் கூடுதல். இன்ஜின்கள் வளைவைக் கடந்து பிரிந்து முன்னே சென்றுவிட்டன. 63 டேங்கர்கள் தடம்புரண்டு ஒன்றன்மீது ஒன்று குவிந்தன. அவற்றில் 59 உடைந்து, ஏறத்தாழ 60 இலட்சம் லிட்டர் எண்ணெய் வெளியேறியது. உடனடியாகத் தீப்பிடித்தது.

வெள்ளிக்கிழமை இரவு என்பதால் பாதைக்கு அருகில் இருந்த மியூசி-கஃபே என்னும் உணவகத்தில் பலர் கூடியிருந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் அங்கு இருந்தவர்கள். அருகிலிருந்த வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்தவர்களும் இறந்தனர். எரியும் எண்ணெய் தெருக்களிலும் மழைநீர் வடிகால்களிலும் ஓடி, தடம்புரண்ட இடத்திற்கு அப்பாலும் தீயைப் பரப்பியது. 40 கட்டடங்களும் 53 ஊர்திகளும் அழிந்தன. ஏறத்தாழ 2,000 பேர், அதாவது நகர மக்களில் மூன்றில் ஒரு பங்கினர், வெளியேற்றப்பட்டனர். 42 பேரின் உடல் எச்சங்களே கண்டெடுக்கப்பட்டன, ஐவருடையவை கிடைக்கவேயில்லை.

கியூபெக்கில் இருந்தும் எல்லைக்கு அப்பால் மேய்ன் மாநிலத்தில் இருந்தும் ஏறத்தாழ 1,000 தீயணைப்பு வீரர்கள் பணியாற்றினர். எண்ணெய்த் தீக்கு நீர் பயன்படாது, நுரை வேண்டும். போதிய நுரை லெவி நகரில் உள்ள சுத்திகரிப்பு ஆலையில் இருந்து கொண்டுவரப்படவேண்டியிருந்தது. தடம்புரளாத 9 டேங்கர்களைத் தீயில் இருந்து விலக்கிப் பின்னோக்கி இழுத்துவிட்டனர். தீ முழுவதும் அணைய இரண்டு நாட்கள் வரை ஆயின. ஏறத்தாழ 1,00,000 லிட்டர் எண்ணெய் ஏரியிலும் ஷோடியேர் ஆற்றிலும் கலந்தது. மண்ணில் எண்ணெய் ஊறிப்போனதால், தீயில் தப்பிய கட்டடங்கள் பலவும் பின்னர் இடிக்கப்பட்டன. கடைவீதி மிகப் பெருமளவில் இல்லாமற்போனது.

விசாரணை

கனடாப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2014 ஆகத்து 19 அன்று தனது அறிக்கையை வெளியிட்டது. விபத்திற்குக் காரணமாகவும் துணையாகவும் அமைந்த 18 கூறுகளை அது இனங்கண்டது. அவற்றுள் எந்த ஒன்று இல்லாதிருந்தாலும் விபத்து நேர்ந்திராமல் போயிருக்கலாம் என்பதே அறிக்கையின் போக்கு. ஓட்டுநர் போதிய கைப் பிரேக்குகளை இடாதது அவற்றில் ஒன்று மட்டுமே. பயிற்சிக் குறைவு, பழுதுபார்ப்பில் குறுக்குவழி, பெயரளவில் இருந்த பாதுகாப்பு மேலாண்மை முறை, அதைக் கண்காணிக்கத் தவறிய அரசுத் துறை ஆகியனவும் அப்பட்டியலில் இருந்தன. எம்.எம்.ஏ. தனது பாதுகாப்பு மேலாண்மை முறையை 2002 இல் எழுதிவைத்தபோதும், 2010 வரை அதைச் செயற்படுத்தத் தொடங்கவில்லை. கனடாப் போக்குவரத்துத் துறையும் 2010 வரை அதைத் தணிக்கை செய்யவில்லை.

ஒருவர் மட்டும் தொடருந்தை இயக்கியது விபத்திற்குக் காரணமா என்ற கேள்வி பரவலாக விவாதிக்கப்பட்டது. இரண்டாவது பணியாளர் இருந்திருந்தால் விபத்து தவிர்க்கப்பட்டிருக்கும் என்று உறுதியாகக் கூற இயலாது என வாரியம் கருதியது. தொழிற்சங்கங்கள் இதை ஏற்கவில்லை.

டேங்கர் பெட்டிகள்

விபத்தில் சிக்கியவை அமெரிக்காவில் டாட்-111 எனவும் கனடாவில் வகுப்பு 111 எனவும் வழங்கப்படும் பொதுப் பயன்பாட்டு டேங்கர்கள். சோள எண்ணெய் முதல் எரிசாராயம் வரை பலவற்றையும் ஏற்ற உருவாக்கப்பட்டவை. இவற்றின் தகடு 11.1 மில்லிமீட்டர் தடிமன் உடையது. முனைகளில் காப்புத் தகடு கிடையாது, வெளியுறையும் இல்லை. இவ்வகைப் பெட்டிகள் தடம்புரளும்போது எளிதில் உடைகின்றன என்பது லாக்-மெகான்டிக்கிற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே இரு நாடுகளின் விசாரணை அமைப்புகளாலும் சுட்டிக்காட்டப்பட்டிருந்தது.

2015 மே மாதத்தில் இரு நாடுகளும் இணைந்து 117 என்னும் புதிய தரத்தை அறிவித்தன. 14.3 மில்லிமீட்டர் தகடு, முனைகளில் முழு உயரக் காப்பு, வெளியுறை, வெப்பக் காப்பு, மேற்புற வால்வுகளுக்கான பாதுகாப்பு ஆகியன இதன் கூறுகள். கனடாவில் 2016 நவம்பர் 1 முதல் கச்சா எண்ணெய்க்கு 111 வகைப் பெட்டிகள் பயன்படுத்துவது முற்றாகத் தடைசெய்யப்பட்டது. எவ்வளவு தடித்த தகடாயினும் மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் வந்து குவியும் பெட்டிகளில் எத்தனை தாங்கும் என்பது வேறு கேள்வி. அதே 2015 இல் அமெரிக்கா, எண்ணெய்த் தொடருந்துகளின் எல்லாப் பெட்டிகளிலும் ஒரே நேரத்தில் இயங்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பிரேக்குகளை வேண்டும் விதியொன்றையும் கொண்டுவந்தது; செலவை ஈடுகட்டும் அளவுக்குப் பயனில்லை என்று கூறி 2018 இல் அதைத் திரும்பப் பெற்றது.

வழக்குகளும் இழப்பீடும்

எம்.எம்.ஏ. நிறுவனம் வைத்திருந்த பொறுப்புக் காப்பீடு 2.5 கோடி கனேடிய டாலர் மட்டுமே. மண்ணைத் துப்புரவு செய்வதற்குக் கூட அது போதாது. விபத்து நடந்த மறு மாதமே நிறுவனம் நொடிப்பு நிலையை அறிவித்தது. எண்ணெய் நிறுவனங்கள், பெட்டிகளைக் குத்தகைக்கு விட்டவர்கள் உட்பட ஏறத்தாழ 25 தரப்பினர் சேர்ந்து தந்த சுமார் 45 கோடி டாலர் நிதியில் இருந்தே பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. இந்நிதியில் சேராத கனடிய பசிபிக் இரயில்வேக்கு எதிரான வழக்கை 2022 திசம்பரில் கியூபெக் மேல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்நிகழ்வின் விளைவாக 2015 இல் இயற்றப்பட்ட சட்டம், ஏற்றும் பொருளின் ஆபத்தையும் அளவையும் பொறுத்து 2.5 கோடி முதல் 100 கோடி டாலர் வரையான காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அத்துடன் கச்சா எண்ணெய் அனுப்புவோர் டன் ஒன்றுக்கு 1.65 டாலர் செலுத்தும் பொது நிதி ஒன்றையும் ஏற்படுத்தியது.

ஓட்டுநர், போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், இயக்க மேலாளர் ஆகிய மூவர் மீதும் 47 பேரின் இறப்புக்குக் காரணமான குற்றவியல் கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது. 2018 சனவரி 19 அன்று செர்புரூக் நகரில் நடுவர் குழு மூவரையும் விடுவித்தது. நிறுவனத்தின் உயர் பொறுப்பில் இருந்தவர்கள் குற்றவியல் கவனக்குறைவுக்காக விசாரிக்கப்படவில்லை. நகர மக்களில் பலர் தீர்ப்பை எதிர்க்கவில்லை என்பதும், உரியவர்கள் கூண்டில் இல்லை என்பதே அவர்களின் குறையாக இருந்தது என்பதும் அக்காலச் செய்திகளில் பதிவாகியுள்ளன.

விதிமுறை மாற்றங்கள்

விபத்து நடந்து மூன்று வாரங்களுக்குள், 2013 சூலை 23 அன்று, கனடாப் போக்குவரத்துத் துறை அவசர ஆணை ஒன்றை வெளியிட்டது. ஆபத்தான பொருள் ஏற்றிய டேங்கர்களைக் கொண்ட தொடருந்தைக் குறைந்தது இருவர் இயக்கவேண்டும். அத்தகைய தொடருந்தை ஆளின்றிப் பிரதான பாதையில் விட்டுச்செல்லக் கூடாது என்பன அதன் முக்கிய கூறுகள். சரிவையும் எடையையும் கொண்டு எத்தனை கைப் பிரேக்குகள் இடவேண்டும் என்று காட்டும் அட்டவணை பின்னர் விதியிலேயே சேர்க்கப்பட்டது. அதுவரை 'போதிய எண்ணிக்கை' என்றே விதி கூறிவந்தது. எது போதியது என்பது இருட்டில் நிற்கும் ஓட்டுநரின் கணிப்புக்கு விடப்பட்டிருந்தது.

கனடாவில் ஆபத்துப் பொருள் சட்டங்கள் விபத்தொன்றின் பின்னர் திருத்தப்பட்டது இது முதன்முறையன்று. 1979 நவம்பர் 10 அன்று ஒன்றாரியோ மாகாணத்தின் மிசிசாகா நகரில், அளவுக்கு மீறிச் சூடான அச்சுத் தாங்கி ஒன்றினால் 106 பெட்டிகள் கொண்ட சரக்குத் தொடருந்து தடம்புரண்டது. புரோப்பேன் பெட்டிகள் வெடித்தன. அவற்றினிடையே குளோரின் நிரம்பிய பெட்டி ஒன்றும் இருந்தது. 2,00,000 க்கும் மேற்பட்ட மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஒருவரும் இறக்கவில்லை. கனடாவின் ஆபத்தான பொருட்கள் போக்குவரத்துச் சட்டம் அதற்கு அடுத்த ஆண்டில் நிறைவேறியது.

கட்டுப்பாடின்றி உருளும் தொடருந்துகள் பற்றிய சிக்கல் லாக்-மெகான்டிக்குடன் தீர்ந்துவிடவில்லை. 2019 பெப்ரவரி 4 அன்று பிரித்தானிய கொலம்பியாவின் ஃபீல்டு என்ற இடத்திற்கு அருகே, கடுங்குளிரில் மலைச்சரிவில் நிறுத்தப்பட்டிருந்த தானியத் தொடருந்து ஒன்று உருண்டு தடம்புரண்டதில் அதில் இருந்த பணியாளர்கள் மூவரும் இறந்தனர். அங்கும் காற்றுப் பிரேக் இடப்பட்டிருந்தது. கைப் பிரேக்குகள் இடப்படவில்லை. குளிரில் காற்றுக் கசிந்தது.

சுற்றுப்பாதை

2013 திசம்பரில் நகரத்தின் ஊடாகத் தொடருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கின. எம்.எம்.ஏ. நிறுவனத்தின் சொத்துகளை வாங்கிய சென்ட்ரல் மேய்ன் அண்ட் கியூபெக் இரயில்வேயை 2020 இல் கனடிய பசிபிக் வாங்கியது. பாதையை நகருக்கு வெளியே மாற்றவேண்டும் என்பது விபத்தில் தப்பியவர்களின் முதற் கோரிக்கையாக இருந்தது. 2018 இல் நடுவண் அரசும் கியூபெக் அரசும் ஏறத்தாழ 12.5 கிலோமீட்டர் நீளச் சுற்றுப்பாதைக்கு நிதியளிப்பதாக அறிவித்தன.

இத்திட்டம் அண்டை ஊர்களில் எதிர்ப்பைச் சந்தித்தது. புதிய பாதை செல்லவுள்ள ஃபிரான்டெனாக், நான்ட் ஆகிய ஊர்களின் உழவர்களும் நில உரிமையாளர்களும், சதுப்பு நிலங்களும் கிணற்று நீரும் பாதிக்கப்படும் என வாதிட்டனர். 2023 பெப்ரவரியில் ஃபிரான்டெனாக்கில் நடந்த வாக்கெடுப்பில் மிகப் பெரும்பான்மையோர் திட்டத்திற்கு எதிராக வாக்களித்தனர். எனினும் அவ்வாண்டிலேயே நடுவண் அரசு தேவையான நிலங்களைக் கட்டாயக் கையகப்படுத்தல் முறையில் எடுத்துக்கொண்டது. விபத்தின் பத்தாம் ஆண்டு நினைவு நாளான 2023 சூலை 6 அன்று சுற்றுப்பாதையின் கட்டுமானம் தொடங்கியிருக்கவில்லை. சரக்குத் தொடருந்துகள் அதே சரிவின் வழியே நகருக்குள் இறங்கிச் சென்றுகொண்டிருந்தன.